ஒரு சின்ன கார் போகிற அளவுக்கு

அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர்.

நான். என் வீட்டுக்காரர் தணிகாசலம் — இவருடைய கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது, மீதி ஆள் காருக்கு அடியில். கரியாலூரிலிருந்து மலை இறங்கி வந்திருந்த வெள்ளையன். அவருடைய மகள் லட்சுமி, மடியில் ஒரு மஞ்சள் பை. கடைசியாக வந்து சேர்ந்தவர் ரைஸ் மில் குப்புசாமி அண்ணன், தோளில் மரம் அறுக்கிற ரம்பத்தோடு.

பக்கத்து வீட்டு ஆடு ஒன்றும் இருந்தது. கிரீஸ் துடைத்த துணியைத் தின்னப் பார்த்ததைத் தவிர அது வேறு எந்த வேலையும் செய்யாததால் கணக்கில் சேர்க்கவில்லை.

இவ்வளவு கறாராக ஏன் தலை எண்ணுகிறேன்? காரணம் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை எங்கள் காரை சர்வீசுக்கு விட்டிருந்தோம். ஏசி ஹாலில் உட்கார வைத்து, காபி கொடுத்து, ஒரு தம்பி கையில் டேப்லெட்டோடு வந்து, "மேடம், என்ஜின் மவுண்டிங் போயிடுச்சு" என்றார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவாரே... அதே குரல்.

"இடது பக்கமா, வலது பக்கமா?" என்று கேட்டேன்.

தம்பி நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி போட்ட, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிற பொம்பளை இப்படிக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நான் அதோடு விட்டிருக்கலாம். விடுவேனா? "எல்லா போல்ட்டையும் மாட்டி முடிக்கிற வரைக்கும் எதையும் முழுசா முறுக்கிடாதீங்க தம்பி, அப்புறம் அடுத்த ஓட்டை நேரா வராது" என்று வேறு சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றுவிட்டது. அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த நாளை ஞாபகப்படுத்திப் பார்த்தோம். அவர் நாலு பேர் என்றார், நான் ஐந்து பேர் என்றேன். அரை மணி நேரம் சண்டை. கடைசியில் பார்த்தால் அவர் தன்னையே விட்டுவிட்டு எண்ணியிருக்கிறார்!

இதையும் எழுதி வைக்காவிட்டால் அடுத்த வருஷம் மூன்று பேர் ஆகிவிடும். அதனால்தான் இந்த வாரப் பத்தியில் இது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ரோடெல்லாம் மறித்த அந்த வருஷம். என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு — ரோட்டோரத்துப் புளியமரங்கள் எல்லாம் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்த நாட்கள். பஸ் இல்லை. லாரி இல்லை. கள்ளக்குறிச்சியில் கடைகள் பாதிக் கதவு திறந்து பாதிக் கதவு மூடி... எந்த நேரத்தில் எது என்று தெரியாது.

நாங்கள் அப்போது மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் இருந்தோம். எங்களிடம் ஒரு சின்ன கார். நாலு கை மாறி வந்தது. கல்யாணம், ஆஸ்பத்திரி, கோயில் என்று வாடகைக்கு ஓட்டித்தான் குடும்பம் நடந்தது. நான் எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று உங்களுக்குத் தெரியும். எட்டாங்கிளாஸோடு படிப்பை விட்டவளுக்கு எது நிஜமான ஆபத்து, எது சும்மா என்று பிரித்துப் பார்க்கிற அளவுக்குப் படிப்பு இல்லையோ என்னவோ, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பயந்து வைத்துவிடுவேன். கார் கிளம்பினால் டயர் வெடிக்கும் என்று பயம். கிளம்பாவிட்டால் சோற்றுக்கு என்ன செய்வது என்று பயம்.

மறியல் தொடங்கியதிலிருந்து கார் கிளம்பவே இல்லை. போராட்டம் ஒரு காரணம். மவுண்டிங் இன்னொரு காரணம்.

மவுண்டிங் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. என்ஜினை நேராகக் காரின் சட்டத்தில் வைத்து முறுக்கினால் அது நடுங்குகிற நடுக்கத்தில் கார் உதிர்ந்துவிடும். அதனால் நடுவில் இரண்டு பக்கமும் கெட்டியான ரப்பர் வைத்திருப்பார்கள். நடுக்கத்தையெல்லாம் அந்த ரப்பர் வாங்கிக்கொள்ளும். (எனக்கும் ஒன்று வைத்து அனுப்பியிருக்கலாம். கடவுள் மறந்துவிட்டார்.) எங்கள் காரில் இடது பக்கத்து ரப்பர் ஆயில் சொட்டிச் சொட்டி ஊறிப் போய் இரண்டாகப் பிளந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் எழுந்து எழுந்து உட்காரும். கியர் கம்பி கையை உதறும். மேட்டில் ஏறினால் என்ஜின் ஒரு பக்கம் எழும்பிச் சாய்ந்து ஃபேன் போய் ரேடியேட்டரில் உரசும். உரசிக் கிழித்துவிட்டால் தண்ணீர் கொட்டி நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். சேலத்திலிருந்து புது மவுண்டிங் வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தோம். அது எந்த மரத்துக்குப் பின்னால் எந்த லாரியில் நின்றுகொண்டிருந்ததோ.

காலை பத்தரை இருக்கும். வெள்ளையனும் அவர் மகளும் வந்தார்கள். வெள்ளையன் எங்களுக்குப் பழக்கம். வருஷா வருஷம் மலையிலிருந்து கடுக்காயும் தேனும் கொண்டு வந்து எங்கள் வீட்டில் வைத்துவிட்டுத்தான் சந்தைக்குப் போவார். அன்றைக்கு மூட்டை இல்லை. விடியுமுன் புறப்பட்டு நடந்தே இறங்கியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸும் இல்லை என்றதும் நேரே எங்களிடம் வந்திருக்கிறார்கள்.

லட்சுமி மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். முதல் நாள் சாயந்திரம்தான் கைக்கு வந்ததாம்.

படித்தேன். மலைவாழ் மக்களுக்கு ஒதுக்கியதில், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. அசல் சான்றிதழ்களோடு நாளைக் காலை பத்து மணிக்குள் சேலத்தில் நேரில் ஆஜராக வேண்டும். தவறும் பட்சத்தில் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து உள்ளவருக்கு வழங்கப்படும். எனக்கு அந்தத் 'தவறும் பட்சத்தில்' மேலேயே கண் நின்றுவிட்டது. ஐந்து தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் அது அங்கேயே இருந்தது.

"பத்தாவதுக்கு மேல எங்க ஊர்ல யாரும் படிக்கல. இவதான் பன்னெண்டு முடிச்சா" என்றார் வெள்ளையன். பெருமையாகச் சொல்லவில்லை. தப்பு செய்துவிட்டு வந்து நிற்கிற மாதிரி சொன்னார்.

நேர் ரோடு மூடியிருந்தது. இருந்த வழி ஒன்றே ஒன்று. மலைமேல் ஏறி, கரியாலூர், வெள்ளிமலை எல்லாம் தாண்டி, ஜீப் போகிற மண் ரோட்டில் அந்தப் பக்கம் சேலத்தைப் பார்க்க இறங்குவது. அந்தப் பக்கம் அவ்வளவாக மறியல் இல்லை என்று பேச்சு. நடந்து இறங்கிய மலையில் மறுபடி ஏற வேண்டும்... ஆனால் நடந்து ஏறினால் நாளைக் காலை பத்து மணிக்கு மலையின் நடுவில்தான் இருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் காரைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னேன். அவர் அதைப் படிக்கவில்லை. அவருக்கு என் கண்ணைப் படிக்கத் தெரியாமல் போனதில்தான் இந்தக் குடும்பம் பல நல்ல காரியங்களைச் செய்திருக்கிறது.

பதினோரு மணிக்கு வேலை தொடங்கியது. மெக்கானிக் இல்லை, பட்டறை இல்லை. ஒரு ஜாக்கி, நாலு ஸ்பேனர், ஒரு பலகைத் துண்டு. என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி இருக்கும். ஜாக்கியை நேராக அதற்குக் கொடுத்தால் தகரம் நசுங்கிவிடும். நடுவில் பலகையை வைத்துக் கொஞ்சமே கொஞ்சம் தூக்க வேண்டும். ரப்பர் மேல் இருக்கிற பாரம் கழன்றால் போதும்.

இடது பக்கம் ஒரு நட்டு. அதற்கு என் வீட்டுக்காரரின் கை போகவில்லை. வெள்ளையன் கையும் போகவில்லை. லட்சுமி கையை நீட்டினாள். நாளைக்கு ஆபீஸில் சர்டிபிகேட்டில் கிரீஸ் கையோடு கையெழுத்துப் போட்டால் இடத்தைக் கொடுப்பார்களா என்று எனக்கு உடனே ஒரு பயம். அவளைத் தள்ளிவிட்டு, புடவை மேல் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு நானே கையை விட்டேன். போனது. ஒரு சின்னக் கை நுழைகிற அளவுக்குத்தான் சந்து. உள்ளே தடவித் தடவி நட்டைப் பிடித்தபோது, ஜாக்கி வழுக்கினால் இந்தக் கை அவ்வளவுதான் என்று தோன்றியது. தோன்றியதை வாய்விட்டே சொன்னேன்.

"பேசிக்கினே கழட்டு. கை நிக்கக் கூடாது" என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

கழன்று வந்த மவுண்டிங்கைப் பார்த்தால் ரப்பர் களி மாதிரி இருந்தது. இதற்குப் பதில் என்ன வைப்பது? சைக்கிள் டயரா? செருப்பு அட்டையா? அப்போதுதான் ரைஸ் மில்லின் ஞாபகம் வந்தது. அங்கே மோட்டாரிலிருந்து மெஷினுக்கு ஓடுகிற பட்டை பெல்ட், உள்ளே கேன்வாஸ் துணி வைத்து மேலே ரப்பர் போட்டது. அறுந்தது ஒன்றாவது மூலையில் கிடக்கும். வெட்டி அடுக்கினால்?

பெல்ட் குப்புசாமி அண்ணன் பொறுப்பு. மில்லில் ஃபிட்டர் வேலை அவருக்கு. அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்தில் எந்த மரத்தை எங்கே சாய்ப்பது என்பதும் அந்த நாட்களில் அவர் பொறுப்புதான்.

ரோட்டை மறித்தவரிடமே போய், ரோட்டில் போவதற்கு ரப்பர் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? நான் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் போய்க் கூட்டி வந்தார். அண்ணன் ஒரு தோளில் ரம்பம், இன்னொரு தோளில் சுருட்டிய பெல்ட்டோடு வந்தார். என்னைத் தங்கச்சி என்பார், இவரை மாப்ள என்பார். வந்ததும் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல ஏறி மலைக்குப் போறதுக்கு நீங்க ரெண்டு பேரும் மரத்துலயே ஏறி உக்காந்துக்கலாம்" என்றார். நல்ல மூடில்தான் இருந்தார்.

அப்புறம் யாருக்காக என்று கேட்டார். லட்சுமி காகிதத்தை நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். திருப்பி முதலிலிருந்து படித்தார்.

"இன்னா மார்க்கு?"

லட்சுமி சொன்னாள்.

"எம் பொண்ணு பரிமளா உன்ன விட நாலு மார்க்கு ஜாஸ்தி. அவளுக்கு இந்தக் கடுதாசி வரல."

வெள்ளையன் மெல்ல எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேண்டாங்க, நாங்க நடந்தே பாத்துக்கறோம் என்று மகளின் பையை எடுத்தார். அண்ணன் தோளில் ரம்பம் வேறு இருக்கிறது. எத்தனை ஊரில் எத்தனை சண்டை அந்த வாரம்...

குப்புசாமி அண்ணன் காகிதத்தை நாலாக மடித்து லட்சுமியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நீ இன்னாத்துக்கு எழுந்துக்கற? உக்காரு. எனக்குச் சண்ட மெட்ராஸ்ல உக்காந்துகினு எடம் பிரிக்கறவங்கிட்ட. உன் பொண்ணுகிட்ட இல்ல." அப்புறம் என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, நல்ல கத்தியா ஒண்ணு எடுத்துகினு வா. வெங்காயம் வெட்டறது வேணாம்" என்றார்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எத்தனையோ பேர் எத்தனையோ மேடையில் பேசியதைக் கேட்டிருக்கிறேன். கத்தி எடுக்க உள்ளே போன அந்த இருபது அடி தூரத்தில் எனக்கு வந்த நிம்மதி மாதிரி எந்தப் பேச்சும் தந்ததில்லை.

பெல்ட்டைச் சதுரம் சதுரமாக வெட்டினோம். கம்பியை அடுப்பில் காய்ச்சி நடுவில் ஓட்டை போட்டோம். வீடெல்லாம் ரப்பர் தீய்ந்த நாற்றம், மூன்று நாள் போகவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் நீளமாக ஒரு போல்ட் விட வேண்டும். அந்தப் போல்ட்டையும் அண்ணனே மில்லிலிருந்து எடுத்து வந்திருந்தார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் என்ஜின் சாயும் என்று, பிளக்காத வலது பக்கத்து மவுண்டிங்கையும் கழற்றி அளந்து, ஒரு பக்கத்துக்கு ஆறு துண்டு என்று கணக்குச் சொன்னார்.

இங்கேதான் நான் வருகிறேன்.

ஆறு போதுமா? மலை ரோடு ஆயிற்றே? நாலு பேர் ஏறப் போகிறோமே? அமுங்கிவிட்டால்? "எதுக்கும் இன்னும் ரெண்டு வைங்க" என்றேன். வேண்டாம் என்றார் அண்ணன். என் வீட்டுக்காரரும் வேண்டாம் என்றார். நான் புலம்ப ஆரம்பித்தேன். என் புலம்பலைக் கேட்பதை விட ரப்பர் வெட்டுவது சுலபம் என்று இரண்டு பேருக்கும் தோன்றியிருக்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டு சேர்த்து, ஒவ்வொரு பக்கமும் எட்டு துண்டு.

போட்டோம். இடது பக்கத்தை நான் ஆசை தீர முறுக்கினேன். முறுக்கிவிட்டு வலது பக்கம் போனால் ஓட்டை ஒரு விரல் தள்ளி நிற்கிறது. போல்ட் இறங்க மாட்டேன் என்கிறது. மறுபடி இடது பக்கத்தைத் தளர்த்தி, என்ஜினை ஆட்டி, இரண்டையும் மாட்டி, அப்புறம் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி... மணி மூன்றரை. ஜாக்கியை இறக்கினோம். என்ஜின் கம்பீரமாக உட்கார்ந்தது. எனக்கு ஒரே பெருமை.

பானெட்டை மூடினார் என் வீட்டுக்காரர். மூடவில்லை. அழுத்தினார். மூடவில்லை. எட்டு துண்டு ரப்பர் மேல் ஏறி உட்கார்ந்த என்ஜின், பானெட்டை முட்டிக்கொண்டு நின்றது.

என்னை யாராவது திட்டியிருந்தால் கூடத் தேவலை. வெள்ளையன் வானத்தைப் பார்த்தார், பொழுது எவ்வளவு இருக்கிறது என்று. லட்சுமி பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். அதுதான் என்னை அழ வைத்தது. பாதுகாப்புக்கு என்று நான் வைத்த இரண்டு துண்டு அந்தப் பெண்ணின் இடத்தைத் தின்றுகொண்டிருந்தது.

"அழுவுறதுக்கு அப்பறமா நேரம் எடுத்துக்கலாம் தங்கச்சி. உன் கைதான் உள்ள போவும். விடு" என்றார் அண்ணன்.

விட்டேன். மறுபடி கழற்றி, இரண்டு இரண்டாக உருவி, மறுபடி மாட்டினோம். இந்தத் தடவை யாரும் எதையும் முதலில் முறுக்கவில்லை. ஆறு மணிக்கு பானெட் 'டப்' என்று மூடியது. ஸ்டார்ட் செய்தோம். கியர் கம்பி மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தால் நிற்கும் என்று என் வீட்டுக்காரர் பீற்றிக்கொண்டார். நான் வைத்துப் பார்க்கவில்லை. நின்றாலும் பயப்படுவேன், கொட்டினாலும் பயப்படுவேன்.

ஆனால் அண்ணன் கிளம்பவில்லை. மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். காருக்கு முன்னால் குனிந்து ஒரு மட்கார்டிலிருந்து இன்னொரு மட்கார்டு வரை பிடித்து அளந்தார். இரண்டு பக்கமும் நாலு விரல் சேர்த்துக்கொண்டார், கண்ணாடி நீட்டிக்கொண்டிருக்கிற பக்கம் அதற்கும் சேர்த்து. இரண்டு முனையிலும் ஒவ்வொரு முடிச்சுப் போட்டார்.

எதற்கு என்று கேட்டேன்.

மலைக்குப் போகிற பாதையில் ஊர் எல்லையில் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடக்கிறதாம். அன்றைக்குக் காலையில்தான் அவரே அறுத்துச் சாய்த்தாராம். அதற்கு மேல் மலையில் யாரும் கை வைக்கவில்லை, அந்த ஒன்றுதான். அதன் நுனிப் பக்கம் இந்தக் கயிறு அளவுக்கு மட்டும் அறுத்துவிடப் போகிறார்.

"மொத்தமா எடுத்துற முடியாதாண்ணே?" என்று நான் கேட்டேன். உரசிக்கொண்டு போக வேண்டுமே என்று எனக்குக் கவலை.

"போராட்டம் நிக்கணும். இந்தக் காரும் போவணும்" என்றார். ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காலையில் சாய்த்த மரத்தைச் சாயந்திரம் அவரே உட்கார்ந்து அறுக்கப் போனார்.

விடியற்காலை நாலரைக்கு நாங்கள் அங்கே போனபோது அண்ணன் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். கூட இரண்டு இளைஞர்கள், காவலுக்கு. அறுத்த இடம் புதுசாக வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு பையனுக்கு மனசு ஆறவில்லை போல. "மறிக்கறதும் நீ, வழி உடறதும் நீ. இன்னாண்ணே இது?" என்று முணுமுணுத்தான்.

அண்ணன் கயிற்றை எடுத்து அந்தச் சந்தில் பிடித்துக் காட்டினார். முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது. "இதுல பஸ்ஸு போவுமா? லாரி போவுமா? அப்பறம் இன்னா? மறியல் மறியலாத்தான் கெடக்குது."

பையன் யோசித்துப் பார்த்தான். விலகி வழி விட்டான்.

நான் காரை விட்டு இறங்கி முன்னால் போய் நின்றுகொண்டேன். இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல். அண்ணன் ஒரு பக்கம், வெள்ளையன் ஒரு பக்கம் கையைக் காட்ட, என் வீட்டுக்காரர் கழுத்தை நீட்டிக்கொண்டு ஊர்ந்து வர... கார் அந்த மரத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை. லட்சுமி உள்ளேயிருந்து அண்ணனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அதைக் கவனிக்காதவர் மாதிரி ரம்பத்தின் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலை ஏறினோம். மற்றவர்கள் மலையைப் பார்ப்பார்கள், நான் காதைத் தீட்டிக்கொண்டு என்ஜினை மட்டும் கேட்டேன். ஒவ்வொரு வளைவிலும், இதோ ஃபேன் உரசப் போகிறது, இதோ... என்று எண்ணிக்கொண்டே வந்தேன். உரசவில்லை. கரியாலூரில் வெள்ளையனின் சனங்கள் நாலைந்து பேர் ரோட்டில் நின்று கையைக் காட்டினார்கள். நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ ஆகாதோ என்று நான்தான் வேண்டாம் என்றேன். மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி அந்தப் பக்கம் இறங்கி, ஒன்பதே முக்காலுக்கு சேலத்தில் அந்த ஆபீஸ் வாசலில் நின்றோம். பத்து மணிக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. லட்சுமி இறங்கி ஓடினாள். பையை மறந்துவிட்டு ஓடினாள். நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடிப் பையைக் கொடுத்தேன்.

இடம் கிடைத்தது. படித்தாள். மலையிலேயே வேலைக்கு வந்தாள். இப்போது தலைமை ஆசிரியை. இந்தப் பத்தியை அவள் படிப்பாள். ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்து அனுப்புவாள்.

என்னைப் போல் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? மற்றவர்கள் நடந்த நல்லதுக்கு மட்டும்தான் நன்றி சொல்ல முடியும். எங்களுக்கு நடக்காமல் போன கெட்டது ஒவ்வொன்றும் பாக்கி இல்லாமல் ஞாபகம் இருக்கும். ஜாக்கி வழுக்கவில்லை, நன்றி. ஃபேன் உரசவில்லை, நன்றி. ரம்பத்தோடு வந்தவர் ரம்பத்தைத் தப்பான காரியத்துக்கு எடுக்கவில்லை... இதற்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது?

சொல்லத்தான் போனேன், பத்து நாள் கழித்து. அறுந்த பெல்ட்டும் போல்ட்டும் மில் கணக்கில் ஏறி, முதலாளி அண்ணன் கூலியில் பன்னிரண்டு ரூபாய் பிடித்துக்கொண்டார் என்று அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பணத்தை எடுத்துக்கொண்டு மில்லுக்கே போய் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையிலிருந்த தவிட்டைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"வச்சிக்கினு இரு தங்கச்சி. எங்க பரிமளாவுக்கும் அந்த மாதிரி கடுதாசி ஒண்ணு வரும். அன்னிக்கு வந்து வாங்கிக்கறன்."

போராட்டத்துக்குக் கொஞ்ச காலம் கழித்து ஒதுக்கீடும் வந்தது. அண்ணன் ஊருக்கே மிட்டாய் கொடுத்தார். அவர் வீட்டிலிருந்து ஒன்றுக்கு இரண்டு பேர், தம்பி பிள்ளைகள், அதில் படித்து வேலைக்குப் போனார்கள். பரிமளா அதற்குள் கல்யாணம் ஆகி, கையில் ஒரு குழந்தையோடு மணலூர்பேட்டையில் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் போய் ஆறு வருஷம் ஆகிறது. காரியத்தன்று பரிமளாவைத் தனியாகக் கூப்பிட்டு, இது உங்கப்பாவுக்குச் சேர வேண்டியதம்மா என்று விஷயத்தைச் சொல்லிப் பணத்தை நீட்டினேன். வட்டி சேர்த்து நிறையவே வைத்திருந்தேன். அவள் முழுக்கக் கேட்டாள். மரத்தை அறுத்த இடம் வந்தபோது சிரித்தாள். அப்புறம் என் கையை மூடிவிட்டாள்.

"கடுதாசிதான் வரலியே அத்தே" என்றாள்.

பன்னிரண்டு ரூபாய். நான் இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது.